தலைகீழாய் நின்ற ஆறு பெண்கள்!

“ஐயோ... ஐயா...!”

யசுயோ போட்ட அலறலில் கூரையில் தேங்கியிருந்த பனி சரிந்து தோட்டத்தில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை. மணி பதினொன்றரை. கியோட்டோவின் வடக்குக் கோடியில் பிப்ரவரிக் குளிர் எலும்பைத் தேடிக்கொண்டிருந்தது.

யசுயோவுக்கு அறுபத்து மூன்று வயது. ஓவியர் குரஹாஷியின் வீட்டில் முப்பது வருடமாகச் சமையல், துவையல், தோட்டம், வாய்ச்சண்டை எல்லாமே அவள்தான். கையிலிருந்த முள்ளங்கிப் பை நழுவி விழுந்தது.

ஓவிய அறையில் குரஹாஷி மல்லாந்து படுத்திருந்தார். எண்பத்தோரு வயது. தலை வடக்கே. முகத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணி!

தலைமாட்டில் அவருடைய மடக்குத் திரை நின்றது. இடுப்பளவு உயரம். ஆறு மடிப்பு. மடிப்புக்கு ஒரு பெண்.

ஆறு பெண்களும் தலைகீழாக நின்றார்கள்!

யசுயோவுக்கு வேறு யாரும் சேதி சொல்ல வேண்டியிருக்கவில்லை. செத்தவர் தலைமாட்டில்தான் திரையைத் தலைகீழாக நிறுத்துவார்கள். உயிரோடு இருப்பவர் வீட்டில் விளையாட்டுக்குக்கூட யாரும் அதைச் செய்யமாட்டார்கள்.

ஆனால்...

அவள் காலை எட்டு மணிக்குக் கடைக்குக் கிளம்பியபோது ஐயா உயிரோடு இருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அப்படியானால் திரையைத் திருப்பியது யார்?

*

இன்ஸ்பெக்டர் கதகிரி ஒரு சோற்று உருண்டையின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி போய் ஆறு வருடம். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு அதுதான். இரவுக்கும் அதுதான், உறையின் நிறம் மட்டும் மாறும்.

உருண்டையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

“சார், ஷூவைக் கழட்டுங்க. உங்க சாக்ஸ்ல ஓட்டை” என்றாள் சார்ஜென்ட் மினேகிஷி. நாற்பத்திரண்டு வயது. வேலையில் கெட்டி. வாய் அதைவிடக் கெட்டி.

“ஓட்டையை யாரு பார்க்கப்போறா?”

“செத்தவர் பார்க்கமாட்டார். நான் பார்க்கணுமே!”

போலீஸ் டாக்டர் வெள்ளைத் துணியை விலக்கினார். குரஹாஷியின் கன்னங்கள் ரோஜா நிறத்தில் இருந்தன.

“கரிப்புகை சார். ரத்தத்துல ஏறினா மூஞ்சி இப்படித்தான் சிவக்கும். செத்தப்புறம் பத்து வயசு குறைஞ்சிருக்கு பாருங்க.”

“நான் மாசா மாசம் க்ரீமைத் தடவிக்கிட்டு அழறேன். இவருக்கு ஓசியில வந்திருக்கு” என்றாள் மினேகிஷி.

“மினேகிஷி...!”

“சாரி சார்.”

அறையின் மூலையில் கரிக் கணப்பு. அதன்மேல் ஒரு சின்னச் சட்டியில் தோல் பசை இறுகிக் கிடந்தது. சாயப்பொடியைப் பசையில் குழைத்துத்தான் குரஹாஷி வரைவார். பசை உருகக் கணப்பு வேண்டும். கணப்பு இருந்தால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

“விபத்தா டாக்டர்?”

“அந்தத் துணியும் திரையும் மட்டும் இல்லேன்னா, ‘கிழவர் ஜன்னலைத் திறக்க மறந்துட்டார்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு சாப்பிடப் போயிருப்பேன். ஆனா செத்தவர் எழுந்து திரையைத் திருப்பிவச்சு, முகத்துல துணி போட்டுக்கிட்டுத் திரும்பப் படுத்துக்க மாட்டாரே!”

கதகிரி ஜன்னலைப் பார்த்தார். ஒரு சாண் திறந்திருந்தது.

“ஜன்னல் திறந்துதானே இருக்கு? அப்ப புகையில எப்படிச் செத்தார்?”

மினேகிஷி குனிந்து ஜன்னல் சட்டத்தைப் பார்த்தாள்.

“யாரோ மூடியிருக்காங்க” என்றாள் மினேகிஷி மெதுவாக. “வேலை முடிஞ்சதும் திறந்திருக்காங்க...”

கொலை!

*

யசுயோ சமையலறையில் முள்ளங்கியை நறுக்கிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

“காலையில என்ன நடந்தது? ஒண்ணு விடாம சொல்லுங்கம்மா.”

“என்ன சொல்றது? ஆறு மணிக்குக் கணப்பு மூட்டினேன். சிப்பி ஓட்டு வெள்ளைச் சாயத்தை அரைச்சுக் குடுத்தேன். எட்டு மணி வரைக்கும் வரைஞ்சார். அப்புறம் அங்கேயே படுத்துத் தூங்குவார், வழக்கம்தான். நான் ஜன்னலை ஒரு சாண் திறந்து வச்சுட்டுத்தான் போனேன். கடை, அப்புறம் முட்டிவலிக்கு வைத்தியர்... வந்து பார்த்தா...”

கத்தியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வாசல் கதவு?”

“பின்கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும். இந்த வீட்ல திருட என்ன இருக்கு? கிழவரையும் கிழவியையும் யாராவது தூக்கிக்கிட்டுப் போனா மூணாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து விட்டுடுவான்!”

“திரையில இருக்கிற ஆறு பொம்பளைங்க யாரு?”

“ஆறு பேர் இல்லே சார், ஒரே ஆள்தான். ஹிசானோ அம்மா. டான்ஸ் ஆடிட்டிருந்தவங்க. இருபது வயசுல ஆரம்பிச்சு, பத்து வருஷத்துக்கு ஒரு மடிப்பா ஐயா வரைஞ்சார். இருபது, முப்பது, நாப்பது, அம்பது, அறுபது... கடைசி மடிப்பு எழுபது. கன்னம் தொங்கி, கழுத்துல வரி விழுந்து, முன்பல் ஒண்ணு போய்... ஆனா சார், அதைப் பார்த்தா கண்ணை எடுக்க முடியாது! இருபதுல வரைஞ்சது அழகான பொண்ணு, அவ்வளவுதான். எழுபதுல வரைஞ்சதுதான் ஹிசானோ.”

“இப்ப அவங்களுக்கு வயசு?”

“எழுபத்தி நாலு. தனியா இருக்காங்க. வாராவாரம் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு இங்கே டீ குடிக்க வருவாங்க. வந்ததும் அந்த ஆறாவது மடிப்பு முன்னாடி உட்கார்ந்துக்குவாங்க. ‘யசுயோ, இந்த ஊர்ல என் முகத்தை ஒருத்தர் பார்த்திருக்கார்ங்கறதுக்கு இதுதான்டி சாட்சி’ன்னு சொல்வாங்க.”

“ரெண்டு பேரும் கல்யாணம்...?”

“யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா நடந்திருக்கும். அவர் கேக்கட்டும்னு இவங்க, இவங்க கேக்கட்டும்னு அவர். அம்பத்தி நாலு வருஷம்! ரெண்டும் மக்கு.”

கதகிரிக்குத் தன் வீட்டில் காலியாகக் கிடக்கும் இன்னொரு நாற்காலி நினைவுக்கு வந்தது.

*

“அந்தத் திரையை நேரா நிறுத்துங்க, பார்க்கணும்.”

இரண்டு கான்ஸ்டபிள்கள் நகர்ந்தார்கள்.

“தொடாதீங்க!” யசுயோ குறுக்கே பாய்ந்தாள். “சவம் வாசலைத் தாண்டற வரைக்கும் அதை நிமிர்த்தக்கூடாது! உங்க வீட்ல சாவே விழுந்ததில்லையா?”

கான்ஸ்டபிள்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். துப்பாக்கிக்குப் பயப்படாதவர்கள், இதற்குப் பயந்தார்கள். கதகிரியும் வற்புறுத்தவில்லை. மனைவியின் தலைமாட்டில் திரையைத் திருப்பி வைத்தவர் அவர்தானே.

கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். கண் சுழன்றது. தலைகீழாக நிற்கும் முகத்தில் மூக்கு எது, சிரிப்பு எது என்று யாருக்குத் தெரியும்?

பிறகு ஒரு காரியம் செய்தார்.

திரைக்கு முதுகைக் காட்டி நின்றார். காலை அகட்டினார். இடுப்பை வளைத்துக் குனிந்து, இரண்டு கால்களுக்கு நடுவே தலையை நீட்டிப் பார்த்தார்!

“சார்...! உடம்புக்கு என்ன?”

“வடக்குக் கடற்கரைக்குப் போயிருக்கியா? கடலுக்கு நடுவுல பைன் மரத் திட்டு. குன்று மேல ஏறினா எல்லாரும் இப்படிக் குனிஞ்சுதானே பார்க்கறாங்க... வானத்துல பாலம் போட்ட மாதிரி தெரியும்னு...”

“தேனிலவுக்குப் போனோம். என் வீட்டுக்காரர் குனிஞ்சவர் நிமிரவே இல்லை. டாக்ஸியில தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தேன்.”

கதகிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இருபது... முப்பது... நாற்பது... ஐம்பது... அறுபதின் கண்ணோரத்தில் மெல்லிய கோடுகள்.

கடைசியாக ஆறாவது மடிப்புக்கு வந்தார்.

“மினேகிஷி! நீயும் குனி!”

“சார், நான் ஸ்கர்ட் போட்...”

“குனி!”

குனிந்தாள். சில விநாடிகள் கழித்து அவளுடைய குரல் கீழேயிருந்து வந்தது.

“சார்... ஆறாவது முகத்துல ஒரு சுருக்கம்கூட இல்லை!”

உரித்த முட்டை போல வழவழவென்று வெள்ளை. கோடு இல்லை, வரி இல்லை. எழுபது வயதுக்காரியை யாரோ அழித்திருந்தார்கள்!

*

வாசலில் குடையோடு தயங்கி நின்றவர் மொரிவாகி. ஓவியத் தரகர். ஐம்பது வயது, மெழுகு பூசி வாரிய தலை. அந்தத் திரைக்காக மூன்று மாதமாக ஐயாவை நச்சரிப்பவர் என்று யசுயோ கைகாட்டினாள்.

“அழிக்கச் சொன்னது நீங்களா?”

மொரிவாகிக்கு வியர்த்தது. பிப்ரவரியில்!

“சொன்னேன் சார். ஒரு வெந்நீர் ஊற்று விடுதியில இந்தத் திரையைக் கேட்டாங்க. புதுசா கல்யாணம் ஆன ஜோடிங்க வந்து தங்கற இடம். ‘அஞ்சு ஓகே, ஆறாவது கிழவி வேண்டாம், இளமையா மாத்திக் குடுங்க’ன்னாங்க. மூணு மாசமா ஐயாகிட்ட கெஞ்சறேன். வாசல்லயே நிக்கவச்சுத் திட்டுவார்.”

“அப்புறம்?”

“நேத்து சாயங்காலம் அவரே போன் பண்ணினார். ‘நாளைக்குக் காலையில அந்த முகத்தை மாத்தறேன்’னார். அவ்வளவுதான், வச்சுட்டார்.”

“இன்னிக்கு வந்தீங்களா?”

“ஒன்பதரைக்கு வந்தேன். தோட்டத்துக் கண்ணாடிக் கதவு வழியா எட்டிப் பார்த்தேன். தூங்கிட்டிருந்தார். எழுப்பினா கத்துவாரேன்னு போயிட்டேன்.”

“திரை எப்படி இருந்தது?”

“நேராத்தான் நின்னுது சார். சத்தியமா! தலைகீழா இருந்திருந்தா நான் அலறியிருக்க மாட்டேனா?”

“முகத்துல துணி?”

“இல்லை.”

“அந்த நேரத்துல நீங்க ஒரு குரல் குடுத்திருந்தா அவர் பிழைச்சிருப்பாரோ என்னவோ...” என்றாள் மினேகிஷி.

மொரிவாகி குடையை மடக்கினார். விரித்தார். மறுபடி மடக்கினார். இவர் பேராசைக்காரர்தான், ஆனால் கொலைகாரர் இல்லை என்று கதகிரிக்குப் பட்டது. செத்துப்போன ஓவியர் இந்த ஆளுக்கு இன்னொரு படம் வரைந்து தரப்போவதில்லையே!

*

ஹிசானோ வந்தாள்.

போனில் சொன்ன அரைமணி நேரத்தில், சாம்பல் நிறக் கிமோனோவில், தனியாக. எழுபத்து நான்கு வயதிலும் முதுகு வளையவில்லை. மெலிந்த கைகள். அறைக்குள் வந்ததும் தலையை நிமிர்த்தாமலே மண்டியிட்டுக் குரஹாஷியை வணங்கினாள். அழவில்லை.

பிறகு திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

“இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. வந்தீங்களாம்மா?”

“பத்து மணிக்கு வந்தேன். வாசல்ல நின்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. தூங்கறார் போலன்னு திரும்பிட்டேன்.”

“உள்ளே வரலையா?”

“போன செவ்வாய் வந்ததுதான்.”

கதகிரி அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“குடுத்துவச்சவங்க நீங்க. ஒரு மனுஷியை ஆறு தடவை வரைஞ்சிருக்கார். ஆறும் நீங்களே!”

“அஞ்சு” என்றாள் ஹிசானோ.

“என்னம்மா?”

“அஞ்சுதான் நான். ஆறாவது யாருன்னு எனக்குத் தெரியாது.”

மினேகிஷியின் பேனா நின்றது.

கதகிரி முன்னால் சாய்ந்தார். இந்தத் தொழிலில் அவருக்குப் பிடிக்காத நிமிடம் இதுதான்.

“முப்பது வருஷமா இந்த வீட்ல இருக்கிற யசுயோவுக்கு அது தெரியலை. ரெண்டு கான்ஸ்டபிளுக்கும் தெரியலை. நான் காலுக்கு நடுவுல தலையை விட்டுப் பார்த்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது. நீங்க வந்ததிலிருந்து அந்தத் திரையை நிமிர்ந்துகூடப் பார்க்கலை. ஐயா இன்னிக்கு விடியற்காலையிலதான் அந்த முகத்தைப் பூசியிருக்கார்... அது நீங்க இல்லைங்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஹிசானோ தன் கைகளைப் பார்த்தாள்.

“எட்டரைக்கு வந்தேன்” என்றாள்.

“அம்மா!” யசுயோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏன் அவ்வளவு சீக்கிரம்?”

“வீட்ல உட்கார முடியலை. பனி பெஞ்சா எங்க தெருவுல சத்தமே இருக்காது சார். ஆறு நாளா யார்கூடயும் ஒரு வார்த்தை பேசலை. பஸ்ல ஏறினா நான் இருக்கறது தெரியாம என் மேலயே உட்கார வர்றாங்க. கடையில எனக்குப் பின்னாடி நிக்கறவனுக்கு முதல்ல சாமான் தர்றான். செவ்வாய்க்கிழமைக்காகத்தான் மத்த ஆறு நாளும் சாப்பிடறேன். அதான் பொறுக்கமுடியாம முன்னாடியே வந்துட்டேன். பின்கதவு வழியா வந்தேன். அவர் தூங்கிட்டிருந்தார். திரை நேரா நின்னுது.”

நிறுத்தினாள். கிமோனோவின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டாள்.

“நான் இல்லை. என் இடத்துல வெள்ளையா ஒரு பொம்மை. பிரஷ் இன்னும் ஈரமா இருந்தது. உலகத்துல யாரும் என்னைப் பார்க்கலை, சரி... இவர் பார்க்கிறார்னுதானே இருந்தேன்? இவருக்கும் நான் வேண்டாம்னு ஆயிடுச்சு. ஜன்னலை மூடிட்டு வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்திட்டு, உள் தாழ்வாரத்துல உட்கார்ந்துட்டேன்.”

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு மணி நேரம். இடையில தோட்டத்துப் பக்கம் யாரோ வந்து போற சத்தம் கேட்டுது. நான் அசையலை. ஒரு தடவை அவர் எழுந்து, ‘யாரு, ஹிசானோவா?’ன்னு கேட்டிருந்தா போதும். திறந்திருப்பேன். அதுக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்னு நினைக்கறேன்... அவர் கேக்கலை.”

கணப்பில் சாம்பல் சரிந்தது.

“பத்தரைக்குத் தோட்டத்துப் பக்கமா போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். புகை போனதும் உள்ளே வந்து அவரைச் சரியா படுக்கவச்சேன்” என்று முடித்தாள்.

“அப்படியே போயிருந்தீங்கன்னா விபத்துன்னு எழுதியிருப்போம்” என்றார் கதகிரி. “மனசு கேக்காம அவருக்காகத் திரையைத் திருப்பி வச்சீங்க. அந்தப் பாசம்தான் உங்களைக் காட்டிக் குடுத்திருச்சு.”

ஹிசானோ முதல் தடவையாகச் சிரித்தாள். முன்பல் இல்லாத சிரிப்பு.

“அவருக்காகவா? அவருக்குத் துணி போதும் சார். திரையைத் திருப்பினது எனக்கு! இந்த அறையில ரெண்டு பேர் செத்தாங்க. முதல்ல செத்தவ நான். எனக்குச் செய்ய யார் இருக்கா? நானேதான் செஞ்சுக்கணும்.”

கதகிரி தலையைக் குனிந்துகொண்டார். கைவிலங்கை எடுக்க மனம் வரவில்லை.

மினேகிஷி அங்கே இல்லை. பொருட்களைக் குறித்துக்கொள்ளப் பக்கத்து அறைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. வழக்கமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் முகத்தில் ரத்தமே இல்லை.

“சார்... காகித அலமாரியில மேலாக இருந்தது. பென்சில் படம்.”

ஒரு கிழவி டீக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சுற்றி, வாயைச் சுற்றி, கழுத்தெல்லாம் சுருக்கம். ஒவ்வொரு கோட்டையும் விடாமல் வரைந்திருந்தது. ஓரத்தில் குரஹாஷியின் கையெழுத்து.

கதகிரி சத்தமாகப் படித்தார்.

“‘போன செவ்வாய், அவள் டீ குடிக்கும்போது பார்த்தது. எழுபது பழசாகிவிட்டது. ஆறாவது மடிப்பில் இனி இது. வெள்ளை காய்ந்த பிறகு வரைய வேண்டும். ஹிசானோ, எழுபத்து நான்கு.’”

அறை வாசலில் நின்ற மொரிவாகியின் குடை கீழே விழுந்தது.

“மாத்தறேன்னு அவர் சொன்னது... இதையா?”

“ஐயோ அம்மா...” யசுயோ தலையில் அடித்துக்கொண்டாள். “கோடு போடறதுக்கு முன்னாடி முகம் முழுக்க வெள்ளை பூசணும்மா! அது காயணும்! அது காயறதுக்காகத்தானே அவர் தினமும் படுக்கறதே! வரைஞ்சு முடியாத முகத்தை நீங்க பார்க்கக்கூடாதுன்னு அம்பது வருஷமா உங்களை உள்ளே விடமாட்டாரே... இன்னிக்குன்னு பார்த்து ஏம்மா சீக்கிரம் வந்தீங்க?”

ஹிசானோ கையை நீட்டினாள். கதகிரி தாளைக் கொடுத்தார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். கழுத்திலிருந்து தொடங்கி, விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டே மேலே வந்தாள். உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. பிறகு நிமிர்ந்தாள். உடைந்த குரலில், ஆனாலும் ஒரு பழைய ஆட்டக்காரியின் கோபத்தோடு சொன்னாள்.

“பொய்! எனக்கு இவ்வளவு சுருக்கம் கிடையாது!”

மினேகிஷி அவளைக் கைத்தாங்கலாக எழுப்பினாள்.

“இன்னிக்குக் காலையில எட்டரை மணி வரைக்கும் கிடையாதும்மா... ஒத்துக்கறேன்!”